மற்ற நாய்கள் ஏன் தும்மின?

முற்றத்துக் கதவைத் திறந்ததும் பதினொரு நாய்கள் எங்களைப் பார்த்துத் தும்மின. பன்னிரண்டாவதாக நான் தும்மினேன்.

"நீ எதுக்குடா தும்மறே? உன்னையும் இங்கயே விட்டுட்டுப் போகவா?" என்றார் அக்கா.

"வேளாவேளைக்குச் சோறு போடுவாங்கன்னா எனக்குச் சம்மதம்க்கா."

அக்கா சிரிக்கவில்லை. எங்கள் பின்னால் அந்தப் பெரியவர் நின்றுகொண்டிருக்கும்போது சிரிப்பதற்கு யாருக்கும் துணிச்சல் வராது. ஐந்து நாளாக அவருடைய மகளைக் காணோம். மழிக்காத முகமும் முந்தின நாள் சட்டையுமாக வந்திருந்தார்.

அக்கா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் இருந்தவர். எந்தக் கடை தானாக எரிந்தது, எந்தக் கடையை முதலாளியே எரித்தார் என்று தரம் பிரிப்பதுதான் அவர் வேலை. கம்பெனி அவருக்குப் பூச்செண்டு கொடுத்து அனுப்பிய மறுமாதமே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். அங்கே காரோட்டுகிறவன், கதவு பூட்டுகிறவன், அடி வாங்கவேண்டிய இடத்தில் வாங்கிக்கொள்கிறவன் எல்லாம் நான்தான். வாய் ஓயாது என்பதால் ஸ்பீக்கர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை ரேஷன் கடைக்காரர்கூட மறந்துவிட்டார்.

பெரியவர் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள், பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். திங்கட்கிழமை புருஷனோடு சண்டை போட்டுவிட்டு, தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் திரும்பவில்லை, செல்போனும் அணைந்து கிடக்கிறது. இதெல்லாம் புருஷன் சொன்னது. மேஜரான பெண், கோபம் தணிந்தால் வந்துவிடுவாள் என்று போலீசும் கைகழுவிவிட்டது. பெரியவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சொன்னது ஒரே ஒரு விஷயம்தான்.

"என் பொண்ணு புருஷனை விட்டுட்டுப் போவாம்மா. நாயை விட்டுட்டுப் போக மாட்டா."

அந்த நாயின் பெயர் பூட்டு. வாசலை விட்டு நகராது என்பதால் அவள் வைத்த பெயர். அதைப் பார்க்கத்தான் இப்போது வந்திருந்தோம்.

புருஷனை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். வெளியூர் போகிறவர்களின் நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் அவனுடையது. கூடவே பயிற்சியும் கொடுக்கிறான். வீட்டின் பின்னால் பெரிய முற்றம், இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் கழுவிக் கவிழ்த்த சட்டி. என் அறை இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. முற்றத்துத் தரைதான் கண்ணை உறுத்தியது. ஒரு சாண் உயரத்துக்கு மரத்தூள் கொட்டிக் கிடந்தது. மாவு போல நைசான தூள். நாய் ஒன்று ஓடினால் புகை கிளம்பியது.

"வாங்க மாமா. ஏதாவது தெரிஞ்சுதா?" என்றான் மாஸ்டர். கண்கள் சிவந்திருந்தன.

"நீங்கதான் சொல்லணும் மாப்பிள்ளை."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதையாவது கூர்ந்து கவனிக்கப் போகிறார் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். ஏன் என்று நானும் இதுவரை கேட்டதில்லை.

"எல்லா நாயும் இப்படித் தும்முதே?"

"மரத்தூள்தான் மேடம். மழை பேஞ்சா முற்றம் சேறாயிடுதுன்னு வாங்கிப் போட்டேன். இவ்வளவு நைசா இருக்கும்னு தெரியலை. வெளிய விளையாடிட்டு வந்தாப் போதும், ஆரம்பிச்சிடுதுங்க."

"இந்தத் தொழில்ல எத்தனை வருஷம்?"

"பதினஞ்சு."

"அள்ளிப் போட்டுடலாமே?"

"ஆள் சொல்லியிருக்கேன். வரலை."

"துடைப்பம் இருக்கே." சுவரோரம் சாத்தியிருந்த துடைப்பங்களை அக்கா பார்த்தார்.

மாஸ்டர் மெதுவாகச் சொன்னான். "பொண்டாட்டியைக் காணோம் மேடம். துடைப்பத்தைப் பத்தி யோசிக்கிற நிலைமையில நான் இல்லை."

நியாயமான பதில். எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. அக்கா மட்டும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே அவன் குனிந்து, பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சட்டியில் மிதந்த ஒரு துரும்பை விரல் நுனியால் எடுத்துப் போட்டான். எடுத்தது அவனுக்கே தெரிந்திருக்காது.

பூட்டு கடைசிக் கூண்டில் தனியாகக் கிடந்தது. செம்மண் நிறத்தில் நடுத்தர உயரம், தொங்கின காது. மற்ற நாய்கள் தும்மியதற்கும் இது தும்மியதற்கும் நிறைய வித்தியாசம். உடம்பையே உலுக்கித் தும்மியது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது, மூக்கைச் சிமென்ட் தரையில் தேய்த்தது. பெரியவரைப் பார்த்ததும் எழுந்து வந்து அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"இதை நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார் பெரியவர்.

"உடம்பு சரியில்லை மாமா. ரெண்டு நாள் போகட்டும், நானே கொண்டுவந்து விடறேன்."

"என் பொண்ணோட நாய் இது."

மாஸ்டர் அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கூண்டுக் கதவை அகலமாகத் திறந்துவிட்டான். உள்ளே போய் ஒரு மருந்துப் புட்டியும் பழைய போர்வையும் எடுத்துவந்தான்.

"அலர்ஜிதான். இந்த மருந்தைக் காலையில ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி குடுங்க. டாக்டர்கிட்டல்லாம் போக வேண்டாம் மாமா, தேவையில்லாம மயக்க ஊசி போட்டுடுவாங்க. ராத்திரி அது தனியாப் படுக்காது. பக்கத்துல படுத்துக்கங்க."

அவன் குனிந்து நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டான். பூட்டு அவன் கையை நக்கியது. அந்த நிமிஷம் எனக்கு அவனைப் பிடித்தே போய்விட்டது. வெளியே வந்ததும் அக்காவிடம் சொல்லவும் சொன்னேன்.

"எனக்கும்தான் பிடிச்சுது," என்றார் அக்கா. "துரும்பை எடுக்கிறவன் தூளை ஏன்டா விட்டு வெச்சிருக்கான்?"

காரில் பெரியவர் பின்சீட்டில் நாயோடு உட்கார்ந்தார். இரண்டு தெரு தாண்டுவதற்குள் அது ஏழெட்டுத் தடவை தும்மிவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அவருடைய வேட்டியில் சிவப்பாக ஒரு சொட்டு. அது விரிந்துகொண்டே போனது.

"ஸ்பீக்கர், இப்ப உனக்குத் தும்மல் வருதா?"

"இல்லக்கா. அங்கேர்ந்து கிளம்பினதும் நின்னுடுச்சு."

"உனக்கு நின்னுடுச்சு. அதுக்கு நிக்கலையே." அக்கா பின்னால் திரும்பினார். "ஐயா, இந்த வாரம் அங்க நாயை விட்டவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு டீச்சர் இருக்காங்கம்மா. என் பொண்ணுக்குப் பழக்கம். இங்கேர்ந்து ரெண்டு தெருதான்."

டீச்சர் கையில் சிவப்புப் பேனாவோடு கதவைத் திறந்தார். அவர் காலடியில் சப்பை மூக்கோடு ஒரு கொழுத்த நாய். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, லாயக்கில்லை என்று முடிவு செய்து போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு தும்மல்கூட இல்லை.

"இதுக்கும் இருந்துதுங்க. வியாழக்கிழமை போய்க் கூட்டிட்டு வந்தேன், நாள் பூரா தும்மிச்சு. மறுநாள் சுத்தமா நின்னுபோச்சு," என்றார் டீச்சர்.

"எப்ப கொண்டுபோய் விட்டீங்க?"

"செவ்வாய்க்கிழமை காலையில. பரீட்சைத் தாள் திருத்த வெளியூர் போகவேண்டியிருந்தது."

"அன்னிக்கே எல்லாம் தும்மிட்டிருந்துதா?"

டீச்சர் யோசித்தார். யோசிக்கும்போது பேனாவால் காற்றில் ஏதோ திருத்தினார். "இல்லையே. அன்னிக்கு மரத்தூளே கிடையாதே, வெறும் மண்தரைதான். எல்லாம் நல்லாத்தான் ஓடிட்டிருந்துதுங்க. இந்தப் பூட்டு ஒண்ணுதான் தும்மிட்டிருந்தது. இதோ இதே மாதிரி, மூஞ்சியைத் தரையில தேய்ச்சுத் தேய்ச்சு. பாவமா இருந்தது. நான்தான் சொன்னேன், இது எங்கயோ போய் எதையோ மோந்துட்டு வந்திருக்கு மாஸ்டர், டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"ரெண்டு நாளா இது கேட்டையே தாண்டலை டீச்சர்னார். நான் வியாழக்கிழமை போறேன், பார்த்தா முற்றம் பூரா மரத்தூள், எல்லா நாயும் தும்முது. ஓ, தூள்தான் காரணம் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நல்லது டீச்சர்," என்றார் அக்கா. அந்தக் குரலை எனக்குத் தெரியும். எரிந்த கடைக்குள் மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்துவிட்ட குரல்.

காருக்குள் ஏறியதும் கேட்டார். "ஒரு வீட்டுல ஒரே ஒரு நாய் தும்மினா பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க?"

"டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொல்வாங்க."

"பதினொரு நாயும் தும்மினா?"

"தரையைப் பெருக்குங்கன்னு..." சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. "அக்கா! பத்து நாயைத் தும்மவெச்சு ஒரு நாயோட தும்மலை மறைச்சிருக்கான்!"

"மெதுவாடா," என்றார் அக்கா. பின்சீட்டில் பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நாயின் தலையில் வைத்த கை மட்டும் அசையாமல் நின்றிருந்தது.

"இந்த மூக்குக்குள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"அதைத்தான் பார்க்கப் போறோம் ஐயா."

கால்நடை டாக்டர் ஒடிசலான மனிதர். பேச்சும் அப்படியே. நாயின் தாடையைப் பிடித்துத் தூக்கி, ஒவ்வொரு மூக்குத் துவாரத்தின் முன்னாலும் ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டினார். வலது பக்கம் ஆவி படிந்தது. இடது பக்கம் படியவில்லை.

"தூசின்னா ரெண்டு பக்கமும் ஒழுகும். இதுல ஒரு பக்கம்தான் ரத்தம். உள்ள எதோ சொருகியிருக்கு," என்றார்.

ஊசி போட்டார்கள். பூட்டு மேஜை மேல் துணி போலச் சரிந்தது. டாக்டர் விளக்கு வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு, நீண்ட இடுக்கியை அதன் வழியே செலுத்தினார். நான் சுவரில் மாட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ரத்தம் ஆகாது. இந்தத் தொழிலுக்கு அது பெரிய தகுதி.

"வந்துடுச்சு."

பஞ்சின் மேல் ஒரு விதை கிடந்தது. புல் விதை. ஊசி போன்ற முனை, அதற்குப் பின்னால் பின்பக்கம் பார்த்துப் படிந்த பொன்னிற மயிர், ஒரு நீண்ட முறுக்கிய வால்.

"ஊசிப்புல். இது முன்னாலதான் போகும், பின்னால வராது. நாய் தும்மத் தும்ம இன்னும் உள்ள ஏறும். இந்த வருஷம் இதே மாதிரி மூணு நாய்க்கு எடுத்தேன். மூணும் மூடிக் கிடக்கிற கல்குவாரிப் பக்கம் ஓடின நாய்ங்க. ஊருக்குள்ள இந்தப் புல்லு இடுப்பளவுக்கு வளர யார் விடறாங்க?"

கேட்டையே தாண்டாத நாய், கல்குவாரியில் ஓடியிருக்கிறது. இதைப் பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, வெளி அறையில் அவருடைய செல்போன் ஒலித்தது. "ஆமா மாப்பிள்ளை... டாக்டர்கிட்டதான் இருக்கோம்..." என்று அவர் சொல்வது கேட்டது. பாய்ந்து போய்ப் பிடுங்கினேன். இணைப்பு துண்டாகியிருந்தது.

"வரேன்னு சொன்னார்," என்றார் பெரியவர். தான் செய்தது தப்பா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார்.

அக்கா அதற்குள் போனில் இன்ஸ்பெக்டரைப் பிடித்துவிட்டார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது.

"நாய் தும்மிச்சுன்னு நான் குவாரிக்கு ஆள் அனுப்பணுமா மேடம்?"

"ஆமா. நாய் தும்மினதுக்குத்தான். கயிறும் ஸ்ட்ரெச்சரும் கூட அனுப்புங்க. அந்தப் பொண்ணு இன்னும் உயிரோட இருக்கலாம்."

"அங்க எத்தனை குழி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? பாதி தண்ணி, பாதி புதர். தேடி முடிக்க ஒரு வாரம் ஆகும்."

"நீங்க கிளம்புங்க. எந்தக் குழின்னு நான் கேட்டுச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "அவர் வந்ததும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. டாக்டர், நீங்களும்தான். ஸ்பீக்கர், முக்கியமா நீ." விதையைப் பஞ்சோடு சுருட்டிக் கைக்குள் மூடிக்கொண்டார்.

மாஸ்டர் வியர்த்து விறுவிறுத்து வந்தான். மாமனாரைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை. நேராக மேஜைக்குப் போனான். பூட்டு மயக்கத்தில் நாக்கு தொங்கக் கிடந்தது. அவன் அதன் கண்ணிமையைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தான், ஈறை அழுத்திப் பார்த்தான், நெஞ்சில் உள்ளங்கையை வைத்தான். ஓடத் தோன்றியிருந்தால் அவனுக்கு அப்போதும் நேரம் இருந்தது.

"முழுசா வந்துடுச்சா டாக்டர்? முனை உடையலையே?"

டாக்டர் வாயைத் திறக்கவில்லை. அறையில் பூட்டு மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பக்கமும் சீராக விட்டது.

"எது மாஸ்டர்?" என்றார் அக்கா.

அவன் நிமிர்ந்தான்.

"நீங்க அலர்ஜின்னீங்க. மரத்தூள்னீங்க. மரத்தூளுக்கு முனை கிடையாதே."

பொய் சொல்ல அவன் வாய் ஒரு தடவை திறந்ததை நான் பார்த்தேன். பொய் வரவில்லை. அவன் கை நாயின் நெஞ்சிலேயே இருந்தது.

"அன்னிக்கு ராத்திரியே இடுக்கியை வெச்சு எடுக்கப் பார்த்தேன்," என்றான். "விட மாட்டேன்னுடுச்சு. இன்னும் உள்ள போயிடுச்சு. டாக்டர்கிட்ட கொண்டுபோனா எங்க ஓடிச்சுன்னு கேப்பாங்க. மறுநாள் அந்த டீச்சர் வேற கேட்டுட்டாங்க."

தொழில் தெரியாத ஒருவனாக இருந்தால், நாய் தும்முகிறது என்று சும்மா விட்டிருப்பான். ஒருவேளை நாங்களும் கண்டுபிடித்திருக்க மாட்டோம். இவனுக்குத் தும்மலின் சத்தத்திலேயே புல்லின் பெயர் தெரிந்துவிட்டது. அது தெரிந்ததால் பயம், பயந்ததால் ஒரு வண்டி மரத்தூள்.

"எந்தக் குழி?" என்றார் அக்கா.

பெரியவர் எழுந்து அவன் எதிரில் வந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் ஒரு அடி முன்னால் வந்தேன். அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"எந்தக் குழி மாப்பிள்ளை? அதை மட்டும் சொல்லிடுங்க."

"மூணாவது, மாமா. பழைய கிரேன் நிக்குமே, அதுக்குப் பின்னால. தண்ணி இல்லாதது."

அக்கா அதை அப்படியே போனில் சொன்னார். மாஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டான். யாரும் கேட்காமலே சொன்னான். "வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு, போறேன்னா. போன்னேன். நாயையும் கூட்டிட்டுப் போறேன்னா. பேசிட்டே குவாரிப் பக்கமா நடந்தோம். தள்ளணும்னு நான் போகலை மாமா. அவ போன் கைநழுவி மேலயே விழுந்துது. அதை எடுத்து அணைச்சேன். பூட்டு மட்டும் வரமாட்டேன்னுடுச்சு. குழியைச் சுத்திச் சுத்தி புல்லுக்குள்ளயே ஓடுச்சு. இருட்டினப்புறம் தூக்கிட்டுத்தான் வந்தேன்."

"என் பொண்ணு?"

"சத்தமே இல்லை. விழுந்ததும் போயிட்டா."

இன்ஸ்பெக்டர் அனுப்பிய போலீஸ்காரர் ஒருவர் வந்து அவனை எழுப்பினார். கதவருகே போனவன் திரும்பி, "மயக்கம் தெளிஞ்சதும் தண்ணி கேக்கும், உடனே குடுத்துடாதீங்க," என்று டாக்டரிடம் சொன்னான். அவன் பல்லை உடைக்கவேண்டும்போல் இருந்தது எனக்கு.

குவாரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கிரேன் துருப்பிடித்து நின்றது. இடுப்பளவு புல், காய்ந்து வெளுத்து, நடக்க நடக்கக் கால்சட்டையில் குத்தியது. குழியின் விளிம்பைச் சுற்றிப் புல் மடங்கி ஒரு பாதையே விழுந்திருந்தது. நாய் ஓடி ஓடி உண்டாக்கின பாதை.

உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் கயிற்றில் இறங்கினார். மற்ற போலீஸ்காரர்கள் மேலே கயிற்றைப் பிடித்திருந்ததால், இரண்டாவதாக இறங்க ஆள் வேண்டும் என்றார். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டார். அவருக்கு முன்னால் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் விழுந்த இடத்தில் இல்லை. அங்கே ரத்தம் மட்டும் இருந்தது. அங்கிருந்து பாறை நிழல் வரைக்கும் மண்ணில் இழுத்த தடம் போயிற்று. அதன் முடிவில் அவள் பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டில் காலியாகப் பக்கத்தில் கிடந்தது. வலது கால் நேராக நீட்டியிருந்தது. அதன் இரண்டு பக்கமும் இரண்டு கட்டைகள். தோள்பையின் வாரை அறுத்து, முழங்காலுக்கு மேலேயும் கீழேயும் இறுக்கிக் கட்டியிருந்தாள். முடிச்சுகள் எலும்பின் மேல் அழுத்தாமல் ஓரமாக இருந்தன.

இன்ஸ்பெக்டர் குனிந்து அவளுடைய கையைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது என் கண்ணைப் பார்க்கவில்லை.

"மூணு நாளாவது இருந்திருக்காங்க," என்றார்.

திங்கள் சாயங்காலத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் டீச்சர் சொன்னபோதே அந்த நாய் டாக்டரிடம் போயிருந்தால், அன்று மாலையே இந்தக் கயிறு இறங்கியிருக்கும். இவள் இந்நேரம் தன்னுடைய வார்டிலேயே காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கூட வேலை செய்கிறவர்களை அதட்டிக்கொண்டிருப்பாள். குழியைச் சுற்றி ஓடுகிற நாய் ஏன் வரமாட்டேன் என்கிறது என்று பதினைந்து வருஷம் நாயோடு புழங்கினவனுக்கா தெரியாது? தெரிந்துதான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். போய் மரத்தூள் வாங்கியிருக்கிறான். நாய்க்கு வலிக்குமே என்று மருந்து ஊற்றியிருக்கிறான். நான் குழிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

மேலே ஏறி வந்து அக்காவின் காதில் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பெரியவர் புல்லுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருக்கிறாளா என்று அவர் கேட்கவில்லை.

"எவ்வளவு நேரம்மா இருந்தா?"

அடுத்தவர் பொய்யைப் பிடித்தே சோறு தின்றவர் அக்கா. அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

"விழுந்த உடனே ஐயா. வலி தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது."

பெரியவர் அவரை ரொம்ப நேரம் பார்த்தார். கோபமில்லை. கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது அந்தப் பார்வையில்.

"முப்பது வருஷம் எஞ்சின் ஓட்டினேன்மா. தண்டவாளத்துல வந்து விழுந்தவங்க எத்தனையோ பேர். பிரேக் போட்டா உடனே நிக்கிற வண்டியா அது? இறங்கிப் பின்னால ஓடுவேன். சில பேர் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், மணிக்கணக்கா. அப்புறம் வீட்டுக்காரங்க வருவாங்க. இதையேதான் கேப்பாங்க. உடனே போயிடுச்சும்மா, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு நானும் சொல்வேன். எல்லார்கிட்டயும் அதையேதான் சொன்னேன்."

கீழே ஸ்ட்ரெச்சர் கட்டுகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளை மேலே கொண்டுவந்துவிடுவார்கள், எல்லாவற்றையும் அவர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். அக்கா முள்ளைப் பார்க்காமல் அவர் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார்.

"மூணு நாள் ஐயா," என்றார். "கால் முறிஞ்சிருக்கு. அவங்களே கட்டைவெச்சுக் கட்டியிருக்காங்க. கொஞ்சம்கூட கோணாம, சரியாக் கட்டியிருக்காங்க."

"அதெல்லாம் நல்லாக் கட்டுவா," என்றார் பெரியவர். "வார்டுலயே அவளைத்தான் கூப்பிடுவாங்க."

அதற்கப்புறம்தான் அழுதார்.